நண்பர்கள் பேசும் இசை உங்களுக்குத் தெரியாதபோது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிய நண்பர் கூட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கிறீர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே வகை இசையைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தவர்கள். அது ஜாஸாக இருக்கலாம், மெட்டலாக இருக்கலாம், கொரியப் பாப் பாடல்களாக இருக்கலாம், கர்நாடக சங்கீதமாகவும் இருக்கலாம். பேச்சின் நடுவே ஒருவர் உங்கள் பக்கம் திரும்பி, “நீ கேட்டிருப்பியே?” என்கிறார். கேட்டதில்லை என்றால் ஒதுக்கிவிடுவார்களோ என்ற தயக்கத்தில் “ஆமா, கேட்டிருக்கேன்” என்று சொல்லிவிடுகிறோம். அதற்குப் பிறகு, அடுத்த கேள்வி எந்தப் பக்கமிருந்து வருமோ என்று காத்திருப்பதிலேயே அந்த மாலை கழிந்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுகூடக் காதில் விழுவதில்லை.

நெடுநாள் இந்தத் திணறலில் இருந்துவிட்டு வெளியே வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளச் செலவாகும் உழைப்பில் பாதியைச் செலவிட்டால், அந்த இசையை உண்மையாகவே அறிமுகம் செய்துகொள்ளலாம். நண்பர்களின் பேச்சில் கலந்துகொள்ள அந்த இசையின் வரலாறு முழுவதும் தேவையில்லை. நான்கைந்து பாடல்களை நெருக்கமாக அறிந்திருந்தால் போதும். மாட்டிக்கொள்ளாமல் சமாளிக்கும் தந்திரங்களைத் தேடுபவர்களுக்கு இங்கே எதுவும் இல்லை. ஒரு வாரத்துக்குள் தயக்கமின்றி அந்தப் பேச்சில் உட்கார விரும்புபவர்களுக்கு வேண்டிய படிகளை, செலவு, நேரம், எழுதி வைக்க வேண்டியவை ஆகியவற்றோடு வரிசையாகத் தந்திருக்கிறேன்.

1. முதல் கேள்விக்கான பதிலை இப்போதே தயாராக வையுங்கள்

பொய் பெரும்பாலும் திட்டமிட்டு வருவதில்லை. வேறு பதில் கைவசம் இல்லாததால் வருகிறது. ஆகவே கூட்டத்துக்குப் போகும் முன்பே பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: “இன்னும் கேட்டதில்ல. எதுல ஆரம்பிக்கலாம்?” இதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன, இரண்டும் அவசியம். முதல் பகுதியை மட்டும் சொன்னால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். உங்களுக்கு ஆர்வமில்லை என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். இரண்டாவது பகுதி சேர்ந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. தனக்குப் பிடித்த இசையை இன்னொருவருக்கு அறிமுகம் செய்யும் வாய்ப்பை விரும்பாத ரசிகர் அரிது. உரையாடல்களை ஆராய்ந்து 2017இல் கேரன் ஹுவாங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வுகளில், கேள்விகள் அதிகம் கேட்பவர்களை, குறிப்பாக, சொன்ன பதிலைத் தொட்டு அடுத்த கேள்வி கேட்பவர்களை, எதிரில் இருப்பவர்கள் அதிகம் விரும்பினார்கள் என்பது தெரிந்தது. நீங்கள் அஞ்சுவதற்கு நேர்மாறான முடிவு இது.

அரைகுறையாகத் தெரிந்த இசை வரும்போதுதான் அதிகக் கவனம் தேவை. ஒரு துறையில் தனக்கு ஓரளவு தெரியும் என்று நம்புபவரே, அந்தத் துறையில் இல்லாத ஒன்றையும் தெரியும் என்று சொல்லும் வாய்ப்பு அதிகம் என்று 2015இல் ஸ்டாவ் அதிர், எமிலி ரோசன்ஸ்வைக், டேவிட் டன்னிங் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே எந்த அளவுக்குத் தெரியும் என்பதை அளந்து சொல்லுங்கள். பெயர் மட்டும் காதில் விழுந்திருந்தால் “பேர் கேள்விப்பட்டிருக்கேன், பாட்டு கேட்டதில்ல” என்றும், ஒரு பாடல் மட்டும் தெரிந்திருந்தால் “அந்த ஒரு பாட்டுதான் தெரியும்” என்றும் சொல்லுங்கள். இப்படி அளந்து சொல்பவருடைய பேச்சுக்குக் கூட்டத்தில் விரைவிலேயே மதிப்பு வந்துவிடுகிறது. பிறகு நீங்கள் “இது பிரமாதம்” என்று சொன்னால் அதையும் நம்புவார்கள்.

2. எதைக் கேட்பது என்பதை ஒரே ஒருவரிடம் கேளுங்கள்

கூட்டத்தில் பொதுவாக “நல்ல பாட்டு சொல்லுங்க” என்று கேட்டால், ஆளுக்குப் பத்துப் பாடல்களைச் சொல்லி, அவற்றில் எது முக்கியம் என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் தொடங்கிவிடும். உங்கள் கையில் கேட்டு முடிக்க முடியாத ஒரு பட்டியல்தான் மிஞ்சும். அவர்களில் பொறுமையாகப் பேசும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, தனியே இருக்கும்போது கேளுங்கள். உரையாடல் ஏறத்தாழ இப்படிப் போக வேண்டும்:

“இந்தக் குழுவோட பாட்டு எதுவும் நான் கேட்டதில்லப்பா. ஒண்ணே ஒண்ணு கேளுன்னா எதைச் சொல்லுவ?”

“ஒண்ணா? கஷ்டம். சரி, ரெண்டாவது ஆல்பத்துல கடைசிப் பாட்டைக் கேளு.”

“ஸ்டூடியோல பதிவு பண்ணதா, மேடையில பாடினதா?”

“மேடையில பாடினதுதான். அதுல நடுவுல ஒரு இடம் வரும், அதுக்காகவே கேக்கணும்.”

“எந்த இடம்னு சொல்லாத. நானே கண்டுபிடிச்சிட்டு வந்து சொல்றேன்.”

எந்தப் பதிவு என்ற கேள்வியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே பாடலுக்கு ஸ்டூடியோப் பதிவு, மேடைப் பதிவு, பின்னாளில் செப்பனிட்ட பதிவு, ரீமிக்ஸ், வேறொருவர் பாடிய பதிவு என்று பல இருக்கும். நண்பர் ஒன்றை நினைத்துச் சொல்ல, நீங்கள் இன்னொன்றைக் கேட்டுவிட்டுப் போனால், கேட்டதற்குப் பிறகும் கேட்காதவர்போலவே நிற்க நேரும். கர்நாடக, இந்துஸ்தானி, மேற்கத்தியச் செவ்வியல் இசைகளில் இது இன்னும் முக்கியம். இயற்றியவர் ஒருவர், பாடுபவர் அல்லது வாசிப்பவர் இன்னொருவர் என்பதால், “இது யாருடையது?” என்ற கேள்விக்கு அங்கே இரண்டு விடைகள் உண்டு. இரண்டையும் கேட்டு வாங்குங்கள். திரையிசை என்றால் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர் என்று மூன்று.

3. எழுதி வைக்க வேண்டியவை

கைபேசியில் ஒரே ஒரு குறிப்புப் பக்கம் போதும். ஒவ்வொரு பாடலுக்கும் ஐந்து தகவல்களை எழுதுங்கள்: பெயரை அவர்கள் எப்படி உச்சரித்தார்கள் என்பது, எந்தப் பதிவு, யார் பரிந்துரைத்தார்கள், அவர்கள் சொன்ன காரணம், கேட்ட பிறகு உங்களுக்குத் தோன்றிய ஒரு வரி. கடைசி வரியைக் கேட்ட உடனேயே எழுதுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டால், நீங்கள் எழுதுவது வேறெங்கோ படித்த விமர்சனத்தின் வரியாகிவிடும்.

உச்சரிப்பை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பெயரை எழுத்தில் மட்டும் பார்த்தவர் யார், காதால் கேட்டவர் யார் என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆங்கில எழுத்துகளைப் பார்த்துச் ‘சேட்’ என்று படித்துவிடும் பாடகியின் பெயர் உண்மையில் ‘ஷாடே’. பெயர் ஆளுடையதா, குழுவினுடையதா என்பதையும் அதே வரியில் குறித்துக்கொள்ளுங்கள். ஜெத்ரோ டல் என்பது ஒரு குழு. அதில் புல்லாங்குழல் வாசித்துப் பாடுபவர் இயன் ஆண்டர்சன். “ஜெத்ரோ டல் நல்லா வாசிக்கிறார்” என்று சொல்லிவிட்டால் பிறகு எந்தச் சமாளிப்பும் எடுபடாது.

4. ஆகும் செலவு

பணம் பெரிதாக ஆகாது. விளம்பரங்களோடு வரும் இலவசக் கணக்குகளும் வீடியோத் தளங்களும் தொடக்கத்துக்குப் போதும். ஆனால் சில இலவசக் கணக்குகளில் பாடல்கள் நாம் கேட்கும் வரிசையில் வராமல் கலைந்து வரும், அல்லது நடுவே விளம்பரம் புகும். வரிசையாகக் கேட்க வேண்டிய ஆல்பத்தை அப்படிக் கேட்டால் அதன் உருவம் பிடிபடாது. தேவையானால் ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டுங்கள். இலவசச் சோதனைக் காலம் என்று தந்தால், அட்டை விவரத்தைக் கொடுத்த அன்றே, அது முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாக ஒலிக்கும்படி நினைவூட்டல் வைத்துவிடுங்கள். பெரும்பாலான சேவைகளில் சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும். நண்பர்களின் குடும்பத் திட்டத்தில் சேரும் முன் விதிகளைப் படியுங்கள். ஒரே முகவரியில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடும்.

இணையத் தரவுக்குக் கணக்கு எளிது. நொடிக்கு 160 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 72 மெகாபைட் ஆகும். 320 கிலோபிட் என்றால் 144 மெகாபைட். வீடியோவாகப் பார்த்தால் இதைவிடப் பல மடங்கு ஆகும். தரவு குறைவாக உள்ளவர்கள் ஒரே பாடலைத் தரவிறக்கி வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பது நல்லது. அடுத்த படியில் எப்படியும் அதைத்தான் செய்யப்போகிறோம். பொது நூலகங்கள் சிலவற்றில் இசைத்தட்டுகளை இரவல் தருகிறார்கள். உறுப்பினராக இருந்தால் விசாரியுங்கள்.

விலை உயர்ந்த ஹெட்போன் இப்போது வேண்டாம். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரின் ஒலி தனியாகக் காதில் விழும் அளவுக்கு ஓர் இயர்போன் போதும். கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். தாழ்ந்த சுரங்கள் அதில் ஏறக்குறைய காணாமல் போய்விடும். மெட்டல், ஹிப்-ஹாப், மின்னணு நடன இசை போன்றவற்றில் பாதி விஷயம் அந்தத் தாழ்ந்த சுரங்களில்தான் இருக்கிறது.

5. ஒரே பாடலை ஐந்து முறை கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஐம்பது பாடல்களை ஒருமுறை மேலோட்டமாகக் கேட்பவருக்குப் பேச எதுவும் கிடைக்காது. ஒரு பாடலை ஐந்து முறை கேட்டவருக்குக் கிடைக்கும். நான்கு நிமிடப் பாடல் என்றால் மொத்தமே இருபது நிமிடம்தான்.

முதல் முறை எதையும் தேடாதீர்கள். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முடியும் வரை நிறுத்தாமல் கேளுங்கள். பிடிக்கிறதா இல்லையா என்ற முடிவுக்கும் இப்போதே வர வேண்டாம்.

இரண்டாவது முறை தாளத்தை எண்ணுங்கள். ராக், பாப், ஹிப்-ஹாப் பாடல்களில் பெரும்பாலானவை நான்கு நான்காக எண்ணக்கூடியவை. டிரம்ஸில் கனமான ‘டம்’ பெரும்பாலும் ஒன்றிலும் மூன்றிலும் விழும். பளிச்சென்ற ‘டக்’ இரண்டிலும் நான்கிலும் விழும். கை தட்ட வேண்டிய இடம் அந்த ‘டக்’. இது தெரியாமல் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுபவரைக் கூட்டத்தில் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ப்ளூஸ் என்றால் நான்கு அடிகள் கொண்ட பன்னிரண்டு பகுதிகள் ஒரு சுற்று. சுற்று முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தை இரண்டு முறை சரியாகப் பிடித்துவிட்டால், அந்த வகையின் பெரும்பாலான பாடல்களுக்குள் நுழையும் வழி கிடைத்துவிட்டது. கர்நாடக இசையில் ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டி வீசுவது இரண்டு முறை. இந்துஸ்தானியில் தீன்தாலுக்குப் பதினாறு; அதை நான்கு நான்காகப் பிரித்து, மூன்றாவது பகுதியின் தொடக்கத்தில் தட்டாமல் கையை வீசுவார்கள். எண்ணிக்கை நான்கில் அடங்கவில்லை என்றால் மூன்று, ஐந்து, ஏழு என்று முயலுங்கள்; ‘தகிட தகதிமி’ என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் பொருந்துவது ஏழு, ‘தக தகிட’ என்று பொருந்துவது ஐந்து. எதிலும் பொருந்தாவிட்டாலும் இழப்பில்லை, “இதுக்கு எப்படித் தாளம் போடுறது?” என்ற உண்மையான கேள்வி ஒன்று கையில் கிடைத்துவிட்டது.

மூன்றாவது முறை ஒரே ஒரு கருவியை மட்டும் பின்தொடருங்கள். பேஸ் கிட்டார், இடது கைப் பியானோ, மிருதங்கம், தம்புரா என எதுவாகவும் இருக்கலாம். பாடகரின் குரலாக மட்டும் இருக்கக் கூடாது. குரல் எப்படியும் கேட்டுவிடும். அதற்கு அடியில் என்ன நடக்கிறது என்பதைக் கேட்டவர்கள்தான் உங்கள் நண்பர்கள். அவர்கள் பேசுவதில் பாதி அதைப் பற்றியதாக இருக்கும்.

நான்காவது முறை சொற்கள். மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பை ஒருமுறை படித்துவிட்டு, அதை மூடி வைத்துக் கேளுங்கள். ஹிப்-ஹாப் என்றால் மட்டும் வரிகளைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே கேட்பது நல்லது. எதுகையும் இயைபும் வரியின் முடிவில் மட்டும் விழுகின்றனவா, நடுவிலும் விழுகின்றனவா என்று பாருங்கள். ரசிகர்கள் சிலாகிக்கும் திறமை பெரும்பாலும் அந்த இடங்களில்தான் இருக்கும்.

ஐந்தாவது முறை ஒரு வரைபடம் போடுங்கள். நேரத்தைக் குறித்து எழுதினால் போதும்: “0:00 கிட்டார் மட்டும். 0:31 குரல் சேர்கிறது. 1:10 கோரஸ். 2:40 டிரம்ஸ் நின்றுவிடுகிறது, குரல் தனியாக. 3:05 எல்லாம் ஒன்றாகத் திரும்பி வருகின்றன.” மறுநாள் நண்பரிடம் சொல்ல வேண்டியது இந்த 2:40தான்.

நீண்ட வடிவங்களுக்கு இந்த முறையைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். கர்நாடகக் கச்சேரியில் ராகம் தானம் பல்லவி என்ற பகுதி ஒரு மணி நேரம்கூடப் போகலாம். அதை ஐந்து முறை கேட்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. ராகத்தைத் தாளமின்றி விரித்துப் பாடும் ஆலாபனையின் முதல் பத்து நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பாடுபவர் எந்தச் சுரத்தில் வந்து வந்து நிற்கிறார் என்று கவனியுங்கள். ஜாஸில் பெரும்பாலும் தொடக்கத்தில் மெட்டு ஒருமுறை வரும். பிறகு ஒவ்வொருவராக மனோதர்மத்தில், அதாவது அந்தக் கணத்தில் கற்பனையில் தோன்றுவதை, வாசிப்பார்கள். கடைசியில் மெட்டு திரும்ப வரும். தொடக்க மெட்டை நீங்கள் முணுமுணுக்கும் அளவுக்குப் பழகிவிட்டால், நடுவில் அவர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பது தானாகவே புலப்படும். மின்னணு நடன இசையில் நிமிடத்துக்கு 128 அடி என்ற வேகம் பரவலானது. அந்த வேகத்தில் 32 அடிகளுக்குச் சரியாகப் பதினைந்து நொடி ஆகும். ஏறத்தாழ ஒவ்வொரு பதினைந்து நொடிக்கும் ஏதேனும் ஓர் ஒலி சேர்கிறதா, விலகுகிறதா என்று கவனியுங்கள். முதலில் ஒரே மாதிரி ஒலித்த பாடலுக்கு உருவம் வந்துவிடும். மெட்டலில் உறுமும் குரல் தடையாக இருந்தால், முதல் மூன்று முறையும் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து, பிறகு குரலுக்கு வாருங்கள். குரலையே வாயிலாக வைத்து அந்த இசைக்குள் போக முயன்று பாதியில் கைவிட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

6. எவ்வளவு நாள் வேண்டும்

ஒரு வாரம் இருந்தால் தாராளம். ஐந்து முறையையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம்: முதல் நாள் இரண்டு முறை, அடுத்த நாள் ஒரு முறை, ஒரு நாள் இடைவெளி விட்டு மீதி இரண்டு. ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதாலேயே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டினார். அளவு மீறினால் அந்த விருப்பம் சலிப்பாகிக் குறைந்துவிடும் என்பதையும் பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இடைவெளி விட்டுக் கேட்பது இந்தச் சலிப்பைத் தள்ளிப்போடும். முதல் பாடல் முடிந்த பிறகு அது இடம்பெற்ற ஆல்பத்தை ஒருமுறை வரிசையாகக் கேளுங்கள். பெரும்பாலும் நாற்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

நாளையே சந்திப்பு என்றால் ஒரு பாடலை மட்டும் மூன்று முறை கேட்டுவிட்டுப் போங்கள். இன்று மாலையே என்றால் எதையும் கேட்க வேண்டாம்; முதல் படியில் சொன்ன பதில் போதும். கடைசி அரை மணி நேரத்தில் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு ஓடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தயாரிப்பு. ஆண்டும் பெயரும் நினைவில் நிற்கும், ஒலி ஒன்றும் இருக்காது. கையில் இருப்பதைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையும் கூடவே வரும்.

7. திரும்பிப் போய்ப் பேசுவது

மதிப்பீட்டைச் சொல்லாதீர்கள், கேட்டதைச் சொல்லுங்கள். “செம பாட்டு” என்பதைக் கேட்காதவரும் சொல்லலாம். “ரெண்டு நிமிஷம் நாப்பதுல டிரம்ஸ் நின்னுடுதே, நீ சொன்ன இடம் அதுதானா?” என்பதைக் கேட்டவர் மட்டுமே சொல்ல முடியும். அது தவறான இடமாக இருந்தாலும் பரவாயில்லை. “இல்ல, அதுக்கு முன்னாடி” என்று நண்பர் பாட்டை மறுபடி போட்டுக் காட்டுவார். அந்தச் சில நிமிடங்களில் கிடைப்பது எந்தக் கட்டுரையிலும் கிடைக்காது.

இசை வகையின் பெயரை நீங்களாகச் சூட்ட வேண்டாம். ஒரே குழுவை எந்த உட்பிரிவில் சேர்ப்பது என்பதில் நெடுநாள் ரசிகர்களுக்குள்ளேயே தீராத சண்டைகள் உண்டு. புதியவர் அதில் தலையிட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும். பிடிக்கவில்லை என்றால் அதையும் குறிப்பாகச் சொல்லுங்கள்: “கிட்டார் பிடிச்சிருக்கு, குரல்தான் இன்னும் ஒட்டலை. குரல் இதைவிட மென்மையா இருக்கிற பாட்டு ஏதாவது இருக்கா?” இப்படிச் சொல்பவரிடம் யாரும் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. மூன்று பாடல்களுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். எல்லோருக்கும் எல்லா இசையும் பிடித்தாக வேண்டும் என்று நட்பில் விதி இல்லை.

8. அடிக்கடி சிக்கவைக்கும் இடங்கள்

இல்லாத பெயர்: ரசிகர்கள் சிலர் விளையாட்டாக, இல்லாத குழு ஒன்றின் பெயரைச் சொல்லிப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் ஜிம்மி கிம்மலின் தொலைக்காட்சி நிகழ்ச்சி 2013இல் கோச்செல்லா இசைவிழாவுக்கு வந்தவர்களிடம் இல்லாத குழுக்களைப் பற்றிக் கேட்டபோது, பலர் கேமரா முன் ஆர்வத்தோடு கருத்துச் சொன்னார்கள். “கேள்விப்பட்டதில்ல” என்ற பதிலை எந்தச் சூழ்ச்சியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

“ஆரம்ப காலப் பாட்டுதான் நல்லா இருக்கும்”: எந்தக் குழுவைப் பற்றியும் சொல்லக்கூடிய பொது வாக்கியம் என்பதால் பலரும் இதைக் கையில் எடுக்கிறார்கள். அடுத்த நொடியில் “எந்த ஆல்பம் வரைக்கும்?” என்ற கேள்வி வரும்.

ஒரே பெயர், வேறு இசை: கர்நாடக இசையின் தோடி ராகமும் இந்துஸ்தானியின் தோடி ராகமும் ஒன்றல்ல. கர்நாடகத் தோடியின் சுரங்கள் இந்துஸ்தானியில் பைரவிக்கு வரும்; இந்துஸ்தானித் தோடியின் சுரங்கள் கர்நாடகத்தில் சுபபந்துவராளிக்கு வரும். பெயரை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் மீள்வது கடினம்.

கேட்ட வரலாறு: பல ஸ்ட்ரீமிங் சேவைகளில் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதை நண்பர்கள் பார்க்க முடியும், ஆண்டு இறுதியில் அதிகம் கேட்டவற்றின் பட்டியலும் வரும், அதை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். பல ஆண்டுகளாகக் கேட்பதாகச் சொன்ன குழு அந்தப் பட்டியலில் இல்லாதது கண்ணில் படும். மறைத்துக் கேட்கும் வசதி இருக்கிறது. ஆனால் அதை நாடும் நிலை வந்துவிட்டது என்றால் அடுத்த படிக்குப் போவது நல்லது.

குழுவின் பெயர் அச்சிட்ட சட்டை: அழகாக இருக்கிறது என்று வாங்கி அணிவதில் தவறில்லை. யாராவது கேட்டால் “டிசைன் பிடிச்சிருந்தது, பாட்டு இன்னும் கேக்கலை” என்று சொல்லிவிடுங்கள்.

9. ஏற்கெனவே பொய் சொல்லிவிட்டிருந்தால்

பலர் இந்த நிலையில்தான் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். அதே மாலையில் திருத்திக்கொள்ள முடிந்தால் அதுவே எளிது: “நான் ஆமான்னு சொன்னேன்ல, உண்மையில பேர் மட்டும்தான் தெரியும்.” இதைச் சொல்ல ஐந்து நொடி ஆகும், பெரும்பாலும் யாரும் அதற்கு மேல் கவனிக்கமாட்டார்கள்.

வாரக்கணக்கில் தொடர்ந்துவிட்டால் கூட்டத்தின் நடுவே அறிவிக்க வேண்டாம். உங்களுக்கு மிக நெருக்கமான ஒருவரிடம் தனியே சொல்லுங்கள். சொல்லும்போது மூன்று தவறுகளைத் தவிருங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். காரணம் எதுவென்று அவருக்கே புரியும், அவரும் வேறொரு கூட்டத்தில் அதைச் செய்திருக்கக்கூடும். வேடிக்கையாகச் சொல்லி நழுவவும் வேண்டாம். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார், விஷயம் அப்படியே நிற்கும். ‘முன்பு கேட்டேன், இப்போது மறந்துவிட்டது’ என்று பாதி உண்மையாக மாற்றவே கூடாது. அது இன்னொரு பொய், அதையும் நினைவில் வைத்துக்கொண்டு காப்பாற்ற வேண்டியிருக்கும். “எல்லாரும் பேசிட்டிருந்தீங்க, தனியா தெரியக் கூடாதுன்னு ஆமான்னு சொல்லிட்டேன். இப்ப நிஜமாவே கேக்கணும்னு இருக்கு, எதுல ஆரம்பிக்கட்டும்?” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொல்லாமலே ரகசியமாகக் கேட்டு ஈடுகட்டிவிடலாம் என்று தோன்றும். பாடல்களை ஈடுகட்டலாம், “முதல்ல எப்ப கேட்ட? யார் அறிமுகப்படுத்தினா?” என்ற கேள்விகளை ஈடுகட்ட முடியாது. ரசிகர்கள் ஒருவருக்கொருவர் அதிகம் கேட்டுக்கொள்வதே அந்தக் கேள்விகளைத்தான்.

10. நிகழ்ச்சிக்கு அழைத்தால்

தாராளமாகப் போங்கள், புதியவர் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நண்பர் எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறார் என்றால் மூன்று விஷயங்களை முன்கூட்டியே கேளுங்கள். டிக்கெட் யார் பெயரில் இருக்கிறது, நுழைவாயிலில் அந்தப் பெயருள்ள அடையாள அட்டை கேட்பார்களா என்பது முதலாவது. அதை உங்கள் கைபேசிக்கு முறைப்படி மாற்றித் தர முடியுமா என்பது இரண்டாவது. நொடிக்கு நொடி மாறும் குறியீடு உள்ள டிக்கெட்டுகளுக்குத் திரையைப் படமெடுத்து அனுப்பினால் செல்லாது. வர முடியாமல் போனால் பணம் திரும்புமா என்பது மூன்றாவது. அச்சிட்ட விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் சேரும் என்பதால், மொத்தத் தொகையைக் கேட்டு அன்றே கொடுத்துவிடுங்கள். வயது வரம்பும் பையின் அளவுக் கட்டுப்பாடும் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கும் நேரமும் முக்கியக் கலைஞர் மேடையேறும் நேரமும் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம்கூட இருக்கலாம்.

எப்போது கைதட்டுவது என்பது வகைக்கு வகை மாறும். மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் பல பகுதிகள் கொண்ட ஒரு படைப்புக்கு, கடைசிப் பகுதி முடிந்து நடத்துநர் கையைத் தாழ்த்திய பிறகே தட்டுவது வழக்கம். ஜாஸில் ஒவ்வொருவருடைய தனி வாசிப்பு முடிந்ததும் தட்டுவார்கள். கர்நாடகக் கச்சேரியில் தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போவதை ரசிகர்கள் அவமரியாதையாகவே கருதுகிறார்கள். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் தட்டும் வரை காத்திருங்கள். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

காதடைப்பானை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இசை அரங்குகளின் சராசரி ஒலியளவு 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் என்பதை எல்லையாக வைத்து, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கும் கணக்குப்படி, 100 டெசிபெலில் காது பாதுகாப்பாகத் தாங்கக்கூடியது வெறும் பதினைந்து நிமிடம். இசைக்கென்றே செய்யப்பட்ட காதடைப்பான்கள் ஒலியின் தன்மையை அதிகம் கெடுக்காமல் அளவை மட்டும் குறைக்கும். பழைய ரசிகர்கள் பலர் அதைத்தான் அணிந்து வருகிறார்கள். மறுநாள் காலையில் காதில் ரீங்காரம் இருந்தால் அன்று முழுவதும் இயர்போனைத் தொடாதீர்கள். இரண்டு நாளுக்குப் பிறகும் அது அடங்காவிட்டால் காது மருத்துவரைப் பாருங்கள்.